பத்து பாயிண்டுக்காக ஒரு பிரிவு

இந்த விசா ஆலோசனைத் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல உத்திகள் சொல்லிக்கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் உத்தி சொல்ல வரவில்லை. உத்தி சொல்ல மும்பையின் இந்தச் செம்பூரில் தெருவுக்கு ஓர் ஆள் இருக்கிறான். எந்த நாட்டுக்கு எந்த இடத்தில் என்ன நிரப்புவது என்பதை நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். நீங்கள் கற்று முடிப்பதற்குள் அது மாறியும் போகும். மாறாதது ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பயத்தில் இருப்பார், உள்ளே முதலாளி அவசரத்தில் இருப்பார், நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே என்ன செய்வதென்று விதி எழுதித் தர எனக்குத் தெரியாது. ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலர் இந்த வாரம்தான் வந்திருக்கிறீர்கள். அவர்களுக்காக அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள், திறமையைக் காட்டி நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர்களுக்குப் பாயிண்ட் போடுகின்றன. வயதுக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு, படிப்புக்கும் வேலை அனுபவத்துக்கும் இவ்வளவு. பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவரைத்தான் முதலில் அழைப்பார்கள். வயது ஏற ஏறப் பாயிண்ட் இறங்கும். குடும்பமாகப் போனாலும் ஒருவர்தான் மெயின் அப்ளிகண்ட். அவருடைய பாயிண்ட்தான் கணக்கு, மற்றவர்கள் அவரோடு ஒட்டிக்கொண்டு போகிறவர்கள்.

இதில் கல்யாணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கணவனோ மனைவியோ, கூட வருகிறவருக்குத் தகுதியான தொழிலும் ஆங்கிலமும் இருந்தால் மெயின் அப்ளிகண்ட்டுக்குப் பத்து பாயிண்ட். துணையே இல்லாத ஒற்றை ஆளுக்கும் அதே பத்து. துணை இருந்தும் அவர் பேரில் எதையும் காட்ட முடியாதவருக்குத்தான் அடி. இந்த விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். அது தாராவியில் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முருகேசன் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். டிப்ளமோ படித்தவர், நல்ல அனுபவம். பூர்வீகம் திருநெல்வேலிக்குத் தெற்கே; பிறந்து வளர்ந்தது தாராவி. தொழில் திறன் மதிப்பீடு முடிந்திருந்தது. ஆங்கிலமும் சுமாராகப் பாஸ். எல்லாவற்றையும் கூட்டினால் அழைப்பு வருகிற அளவுக்குப் பத்து பாயிண்ட் குறைந்தது. அதோடு அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது முடிந்த அன்றைக்கே வயதுக் கணக்கில் இன்னொரு பத்து போய்விடும். பிறந்த நாள் வருகிறது என்று பயப்படுகிற பெரியவர்களை இந்தத் தொழிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவசரக்காரர். ஃபைலைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தார், சொன்னார்.

"முருகேசன் பாய், சிம்பிள். நீங்களும் உங்க மிஸஸும் பிரிஞ்சிட்டீங்கன்னு வக்கீல்கிட்ட ஒரு அஃபிடவிட். ஒற்றை ஆளாப் போடுவோம். பத்து பாயிண்ட் வந்துரும். அங்க போய் செட்டில் ஆனதும் அவங்களைக் கூப்பிட்டுக்கோங்க. கதம், முடிஞ்சுது."

முருகேசன் என்னைப் பார்த்தார். ஃபைலைத் தயார் செய்யப் போகிறவள் நான்தானே.

"சார், இதை நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

"அரே லலிதாஜி, உங்களுக்கு என்ன ப்ராப்ளம்? அவங்க வீட்டுல ஒண்ணாத்தான் இருக்கப் போறாங்க. காகிதத்துல மட்டும்தான்."

"அங்க இருக்கிற ஆபீசர் வீட்டையா வந்து பார்க்கப் போறார்? காகிதத்தைத்தானே சார் படிப்பார்."

அவர் முகம் சிவந்தது. முருகேசனைப் பார்த்து, "நாளைக்கு மிஸஸைக் கூட்டிட்டு வாங்க. அவங்களும் கையெழுத்துப் போடணும்" என்று முடித்துவிட்டார். முருகேசன் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், இங்கே வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் சொல்லிவிடுங்கள் என்றார். அப்போது என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். மாட்டுங்காவில் அன்றைக்கு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது பயந்தது நிஜம். ஆனால் முடியாது என்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் முருகேசனின் மனைவி இசக்கியம்மாள் வந்தாள். முப்பதைத் தாண்டிய வயசு. காட்டன் சேலை. நக இடுக்கில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. முதலாளியின் எதிரில் கணவனோடு உட்கார்ந்தாள். எதற்கு வரச் சொன்னார்கள் என்பதை முருகேசன் ஒளிக்கவில்லை. வீட்டிலேயே சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். அவள் முதலாளியை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"மேடம், இவுக பேப்பர்ல மட்டும்தாம்னு சொல்லுதாக. நான் ஒண்ணு கேக்கேன். அந்த ஊருக்காரனுக்கு நான் யாரு?"

முதலாளி கண்ணால் என்னை எச்சரித்தார்.

"அவங்க கணக்குல நீங்க இவருக்கு யாரும் இல்லம்மா" என்றேன். "பின்னால உங்களைக் கூப்பிடணும்னா, மறுபடி சேர்ந்துட்டோம்னு ஒரு கதை ஜோடிக்கணும். அதை நம்பலைன்னா முதல்ல சொன்னதும் பொய்னு ஆகும். இவர் விசாவும் போகும், உங்களுக்கும் கதவு மூடும்."

"எம் மக?"

"அவ யாரோட இருக்கான்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பொய் சொல்லணும்."

"லலிதாஜி!" என்றார் முதலாளி.

இசக்கியம்மாள் கணவன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கு அங்க மிசின்ல ஒங்களுக்கு ஒரு அடி படுதுன்னு வைங்க. ஆசுபத்திரிக்காரன் யாருக்குப் போன் போடுவான்? பிரிஞ்சு போனவளுக்கா போடுவான்?"

"ஏட்டி, நல்ல காரியம் பேச வந்த எடத்துல ஏன் அபசகுனமாப் பேசுத?" என்றார் முருகேசன்.

"அபசகுனத்தை யாரு பேப்பர்ல எழுதுதது? நானா? நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க போங்க, சம்பாரிங்க, நான் இங்கனயே கெடக்கேன். ஆனா பிரிஞ்சிட்டேன்னு என் கையால எழுதித் தர மாட்டேன்."

அப்போது நான் கேட்டேன், ஆரம்பத்திலேயே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சுனாபட்டியில நர்சரி ஸ்கூல் டீச்சர், மேடம்."

பி.ஏ. முடித்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு, மழலையர் கல்விக்கென்று உள்ள படிப்பையும் ரெகுலராகப் போய் முடித்திருந்தாள். பிறகு தொடர்ந்து அதே பள்ளியில் வேலை. நான் ஆஸ்திரேலியாவின் திறன் பட்டியலைத் திறந்து அவர்கள் பக்கம் திரையைத் திருப்பினேன். மழலையர் பள்ளி ஆசிரியர்களை அந்த நாடு தேடிக்கொண்டிருந்தது. வயதில் அவளுக்கு முழுப் பாயிண்ட். படிப்பில் கணவனைவிட ஒரு படி மேல். துணையாகக் காட்டுவதென்றாலும் அவளுக்கு மதிப்பீடு வேண்டும், அது முருகேசனுக்கு நாற்பது ஆவதற்குள் முடியாது; அவளையே மெயின் அப்ளிகண்ட்டாகப் போடலாம் என்றேன்.

முதலாளி சிரித்தார். "பால்வாடி டீச்சரை மெயின் அப்ளிகண்ட்டாப் போடறதா? இங்க சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுங்களே காத்துக்கிட்டிருக்காங்க."

முருகேசனும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஒரு தடை இருந்தது, பெரிய தடை. ஆசிரியர்களுக்கு அவர்கள் கேட்கும் ஆங்கிலம் மற்றவர்களுக்குக் கேட்பதைவிட மிக அதிகம். பேசுவதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் கிட்டத்தட்ட உச்சியைத் தொட வேண்டும். இவள் பள்ளிக்கூடம் முழுக்கத் தாராவியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். முதலாளி இதைச் சொல்லிக் காட்டினார். "முடிஞ்சா பாத்துக்கோங்க. ஆனா இந்த ஃபைல் என் டேபிளுக்கு வரக் கூடாது" என்றார்.

அடுத்த வாரமே என்னை வாசல் கவுண்டருக்கு மாற்றினார். சுற்றுலா விசா கவுண்டர். போட்டோவின் பின்னணி வெள்ளையா, காது தெரிகிறதா என்று பார்த்து வாங்கி வைக்கிற வேலை. எனக்கு இது தண்டனை என்று ஆபீஸில் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே செய்தார். சரி. இசக்கியம்மாள் ஸ்கூல் முடிந்து சுனாபட்டியில் ரயில் ஏறி வந்து அந்த வாசல் கவுண்டரிலேயே உட்கார்ந்தாள். போட்டோக்களுக்கு நடுவே அவள் ஃபைலை நான் கட்டினேன். முருகேசன் வரவில்லை. வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது என்று அவள் சொன்னாள். "சோறு போட்டா திங்காக. போன்ல மண்டையைக் குத்திட்டு இருக்காக" என்றாள்.

முதல் தேர்வில் எழுதுவதிலும் படிப்பதிலும் போதுமான அளவு எடுத்தாள். கேட்பதில் மயிரிழையில் தப்பினாள். பேசுவதில் விழுந்துவிட்டாள். முதலாளி கவுண்டர் வழியாகப் போகும்போது நின்று, "கியா ஹுவா? என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

இந்தச் சமயத்தில்தான் முருகேசனுக்கு நாற்பது ஆனது. அன்றைக்கே வந்தார். ஷிப்டு முடித்து நேராக வந்தவர். தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றவில்லை. இசக்கியம்மாளும் கவுண்டரில் இருந்தாள். அவளைப் பார்க்காமல் என்னிடம் கத்தினார்.

"நாப்பது ஆயிட்டு மேடம்! இன்னியோட என் சேப்டர் குளோஸ். அன்னிக்கு சார் சொன்னபடி செஞ்சிருந்தா இந்நேரம் எனக்கு அழைப்பு வந்திருக்கும். உங்களாலதான் எல்லாம் போச்சு!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே முதலாளி கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் மன்னிப்புக் கேட்டுவிடத் தோன்றும். கேட்டால் சத்தம் அடங்கும். நான் கேட்கவில்லை. தப்புச் செய்யாமல் கேட்கிற மன்னிப்பு எதிராளியின் பொய்யை உண்மையாக்கிவிடும்.

"ஆமா, என்னாலதான்" என்றேன். "அந்தப் பொய்யை நான் தடுத்தேன். மறுபடி வந்தாலும் தடுப்பேன். உட்காருங்க, ஒரு கணக்குக் காட்டறேன்."

அவர் உட்காரவில்லை. நின்றவருக்கே சொன்னேன். நாற்பது ஆனதால் போனது மெயின் அப்ளிகண்ட்டுக்கான பாயிண்ட். மனைவியோடு துணையாகப் போகிறவருக்கு நாற்பத்தைந்து வரை வயது ஒரு பொருட்டே இல்லை. அவருடைய திறன் மதிப்பீடு செல்லும். அவருடைய சுமாரான ஆங்கிலமும் துணைக்குப் போதும். அவர் மனைவியின் விண்ணப்பத்தில் இரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டால் அவளுக்குப் பத்து பாயிண்ட் வரும்.

"அவளை விட்டுட்டுப் போனா உங்களுக்குக் கிடைச்சிருக்கும்ல, அதே பத்து. அவகூட நின்னா அவளுக்குக் கிடைக்கும். அது இருந்தா அழைப்பு வர்ற அளவுக்கு அவ ஏறிடுவா. அது இல்லாம அவளாலயும் முடியாது. இங்கிலீஷை அவ பாத்துக்குவா. இதை நீங்கதான் செய்யணும்."

அவர் முகத்தில் கோபம் இறங்கி வேறொன்று வந்தது. சின்னக் குரலில் சொன்னார்.

"ரெண்டாவது ஆளா, மேடம்? தொழிற்சாலையில தெரிஞ்சா என்ன பேசுவானுக? பொண்டாட்டி விசாவுல தொங்கிட்டுப் போறாம்னு சொல்லுவானுக."

இசக்கியம்மாள் குறுக்கிட்டாள்.

"ஊருக்குப் போகையில தாதர்ல ஓடுத வண்டியில முண்டியடிச்சு ஏறி எடம் போடுதது யாரு? நான்தானே? நான் போட்ட எடத்துலதானே திருநவேலி வரைக்கும் காலை நீட்டிட்டுப் போறிய? அப்ப கொறச்சலா இருந்துச்சா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். முருகேசனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்க போடணும் கையெழுத்து?" என்று கேட்டார்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். விண்ணப்பத்தில் யாரை முதலில் போடுவது என்பது கணக்கு மட்டும் இல்லை. கணக்கு ரெண்டு நிமிஷ வேலை. ஒரு வீட்டில் இத்தனை வருஷமாக யார் முன்னால் நடந்தார்கள் என்பதை நீங்கள் கலைக்கிறீர்கள். அது தெரியாமல் கலைக்காதீர்கள். தெரிந்துவிட்டால், பயந்து நிறுத்தவும் நிறுத்தாதீர்கள்.

ஆங்கிலம் இன்னும் பாக்கி. ஏன் விழுந்தாய் என்று இசக்கியம்மாளைக் கேட்டேன். கோச்சிங் வகுப்பில் பதில்களை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தார்கள். எந்தக் கேள்விக்கும் "இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்ட்" என்று ஆரம்பிக்க வேண்டுமாம். மூக்கால் பேச வேண்டுமாம். எனக்குப் பேசிக் காட்டினாள். அது அவள் குரலே இல்லை. யாரோ ஒரு விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

"அதை விடு. இன்னிக்கு உன் வகுப்புல என்ன நடந்தது? இங்கிலீஷ்லயே சொல்லு."

ஒரு பையன் இன்னொருவனின் காதைக் கடித்துவிட்டான் என்று ஆரம்பித்தாள். கடித்தவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அவன் வீட்டில் நாலு நாளாகச் சண்டை, அதனால் அவனைத் திட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு படம் வரையச் சொன்னேன், கடிபட்டவனின் அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்தினேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் சிரித்தாள். கையை ஆட்டினாள். ஒரு வார்த்தை கிடைக்காவிட்டால் சுற்றி வளைத்து வேறு வார்த்தையில் சொன்னாள். பள்ளியில் தமிழ் தெரியாத பிள்ளைகளோடு நாள் முழுக்க இங்கிலீஷ்தான் பேசுகிறாள். அதை யாரும் இங்கிலீஷ் என்று அவளுக்குச் சொன்னதில்லை.

"இப்ப பேசினே பார், இதைப் போய்ப் பேசு" என்றேன்.

"இது சும்மா பேசுதது மேடம்."

"அவங்க கேக்கறதும் சும்மா பேசறதைத்தான்."

கோச்சிங்கை நிறுத்தினாள். பாதியில் நிறுத்துவது பெரிய துணிச்சல். தோற்றால் என் பேச்சைக் கேட்டுக் கெட்டாள் என்றுதான் ஆகும். முருகேசன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் தன் தொழிற்சாலை விஷயங்களை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாராம். அவருக்கு அவள் திருத்தம் சொல்லுவாளாம். மகள் இருவரையும் கேலி செய்வாளாம். பேச்சு நின்றுபோன வீட்டில் இப்படியாகப் பேச்சு திரும்பியது. ஆங்கிலத்தில்.

இரண்டாவது தேர்வில் நாலு பகுதியிலும் பாஸ். பேசுவதில் அவர்கள் கேட்டதற்கு மேலேயே எடுத்திருந்தாள். ரிசல்ட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆசிரியர் தகுதி மதிப்பீடு வந்தது. விண்ணப்பம் போட்டோம். பிறகு காத்திருப்பு. காத்திருப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே சீக்கிரம் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அழைப்புக்கான அளவு ஏறும், இறங்கும். இரண்டு சுற்று தவறியது. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்தார். மூன்றாவது சுற்றில் இசக்கியம்மாளின் பேருக்கு அழைப்பு வந்தது. போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, திரும்பவும் காத்திருப்பு. கடைசியில் மூவருக்கும் நிரந்தரக் குடியேற்ற விசா கிடைத்தது. ஒரு பொய்யும் இல்லாமல் கிடைத்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை இந்தத் தொழிலில் அத்தனை பேரும் சொல்ல முடியாது. நான் சொல்வேன், சத்தமாகவே சொல்வேன்.

முதலாளிக்கு எப்போதும் வெற்றி பிடிக்கும், அது யாருடையதாக இருந்தாலும். விசா வந்த மூன்றாம் நாள் ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. முருகேசன் முன்னால் கோட் போட்டுக் கைகட்டி நிற்கிறார். கோட் நிஜமில்லை, கம்ப்யூட்டரில் மாட்டியது. பின்னால் தோளுக்கு மேலே இசக்கியம்மாளின் முகம் பாதி தெரிகிறது. கீழே பெரிய எழுத்தில், "முருகேசன் அண்ட் ஃபேமிலி. எங்கள் வெற்றிக் கதை."

அன்று சாயங்காலம் இருவரும் இனிப்போடு வந்தார்கள். இசக்கியம்மாள் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். இனிப்பு டப்பாவை என்னிடம் நீட்டினாள். முருகேசன் அதன் எதிரில் நின்று நிதானமாகப் படித்தார்.

"சார்," என்று கூப்பிட்டார். முதலாளி வெளியே வந்தார். "இது தப்பு சார். மெயின் அப்ளிகண்ட் நான் இல்ல."

"அரே, அதெல்லாம் வர்ற கஸ்டமருக்குப் புரியாது, முருகேசன் பாய். ஜென்ட்ஸ் முன்னால இருந்தாத்தான் ஒரு வெயிட்."

"புரியும் சார். நாற்பது வயசுக்காரன் எனக்கே புரிஞ்சிதே."

"விடுங்க, பிரிண்ட் அடிச்சாச்சு."

முருகேசன் விடவில்லை. வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்துச் சுவரோடு போட்டார். செருப்பைக் கழற்றினார். ஏறினார். ஒரு மூலையில் இருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முதலாளி "ஏய், ஏய்" என்றார். வரிசையில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இசக்கியம்மாள் இனிப்பு டப்பாவைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கயித்த மொதல்ல அவுக்காதிய, வலதுபக்கத்த அவுருங்க. இல்லன்னா மொத்தமா என் தலையில விழும்" என்றாள்.

"நீ பிடிச்சிக்கிட்டாப் போதும்" என்றார் அவர், மேலே பார்த்தபடியே.